அழக் கூடாத வீடு

கீழ்வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த அழுகை பாதியில் நின்றது.

குளியலறைத் தரையில், ஓடு பதித்த சுவரோடு முதுகை அழுத்தி உட்கார்ந்திருந்த பூனை என்ற பெண் தலையைத் தூக்கினாள். அழுகை அப்படி நிற்காது. அம்மா இறந்த நாளிலிருந்து தன் வீட்டில் அவள் அதிகம் கேட்டது அழுகையைத்தான். யார் எப்படி ஆரம்பிப்பார்கள், எப்படி முடிப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதலில் சத்தம் தேயும், பிறகு விக்கல், மூக்கை உறிஞ்சும் ஓசை, நீளமாக ஒரு பெருமூச்சு, கடைசியில் முகம் கழுவத் திறக்கும் குழாய். கீழ்வீட்டு டியூஷன் டீச்சரும் அப்படித்தான் முடிப்பார். அவருடைய மகன் வெளியூரில் மாட்டிக்கொண்டு தகவலே இல்லாமல் போனதிலிருந்து தினமும் மத்தியானம் குளியலறைக்கு வந்து அழுவார். சாக்கடைக் குழாய் அந்தச் சத்தத்தை நேராக மேலே கொண்டுவந்துவிடும். இன்றைக்கு அவர் மூச்சை உள்ளே இழுத்தார். வெளியே விடவில்லை.

அதன்பிறகு குழாய் வழியாக மேலே வந்தது குளிர்தான். அந்தக் குளிரில், தீக்குச்சியை உரசி உடனே அணைத்தது போன்ற ஒரு வாசனை இருந்தது. லிஃப்ட் வேகமாக இறங்கும்போது காது அடைக்குமே, அப்படி அடைத்தது. பூனை இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். குழாய் திறக்கும் சத்தம் வரவே இல்லை.

பூனை என்பது அம்மா வைத்த பெயர். நுனிக்காலில் நடப்பாள், எதிர்பாராமல் யாராவது தொட்டால் துள்ளுவாள், பிடித்த மூலை கிடைத்தால் சுருண்டுகொள்வாள். பதினாறு வயதாகியும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. அவளுக்கு ஆட்டிசம் என்பதை அப்பா வெளியாட்களிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வார். அம்மா சத்தமாகவே சொல்வாள், கூடவே "அதனால உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றும் கேட்பாள்.

அம்மா நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீந்தச் சொல்லித்தருபவள். ஒருநாள் குளத்தின் ஓரத்தில் விசிலை வாயில் வைத்தபடியே உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ஏதோ நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். புதைக்கிற நாளில் பூனை அழவில்லை. அன்றைக்கு அவள் உடம்பில் ஒவ்வொரு துணித் தையலும் கம்பியாகக் குத்தியது, வெளிச்சம் பல்லில் கூசியது, பேசவேண்டிய சொற்கள் எல்லாம் எங்கேயோ ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தன. அம்மாவின் தங்கை, சித்தி, கூட்டத்தின் நடுவில் அவளைக் கட்டிக்கொண்டு, பெற்றவள் போயிருக்கிறாள், இவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சித்தி கெட்டவள் இல்லை. அவளுடைய அன்புக்கு எப்போதும் சத்தம் அதிகம், சென்ட் வாசனையும் அதிகம்.

அதற்குப் பிறகு பூனை தினமும் சாயங்காலம் அம்மாவின் அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். துண்டுகளிலும் நீச்சல் உடைகளிலும் குளோரின் வாசனை இருந்தது. அவற்றின் எடை நான்கு பக்கமும் அழுத்த, கண்ணை மூடிக்கொண்டு நின்றால் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலிருக்கும். அம்மா அவளை முதன்முதலாக அப்படித்தான் அழைத்துப்போனாள்: கையைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சத்தமும் எட்டாத குளத்தின் நீல அடித்தரைக்கு. ஒவ்வொரு சாயங்காலமும் அந்த வாசனை கொஞ்சம் மெலிந்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

அவை வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு மத்தியானம் வானம் திரிந்த பாலைப் போல ஆனது. தெளிந்தபோது சாலைகளிலும் மைதானங்களிலும் ரயில் பாதைகளிலும் அவை நின்றுகொண்டிருந்தன. இரண்டு ஆள் உயரம், ஈர சிமென்ட் நிறம். முகம் இருக்கவேண்டிய இடத்தில் கரண்டியின் உட்பக்கம் போல வழவழப்பாக ஒரு குழி. சுட்டால் குண்டு சேற்றில் இறங்குவது போல இறங்கியது, அவ்வளவுதான். அவை அசையவில்லை, யாரையும் ஒன்றும் செய்யவில்லை. நெட்டைகள் என்று பெயர் வைத்தார்கள். சிலர் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் அவை நடக்கத் தொடங்கின. தொலைபேசி போனது, தொலைக்காட்சி போனது, மின்சாரம் நினைத்தால் வந்தது, நினைத்தால் போனது. நெட்டை நுழைந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. அவை வீடுகளை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பது யாருக்கும் பிடிபடவில்லை.

குளியலறைத் தரையிலிருந்து எழுந்து, பூனை அப்பாவிடம் வந்து சொன்னாள். அவர் சமையலறை மேஜையில் ஒரு பழைய சுவிட்சைக் கழற்றி, துடைத்து, மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பார்த்துக்கொள்வதற்காகக் கடைசி மாடியில் அந்த வீட்டைக் கொடுத்திருந்தார்கள்.

"அழறவங்ககிட்டதான் போகுது," என்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்படியானால் ஊரில் ஒரு ஆள் மிஞ்ச முடியாது என்றார். அவள் மறுபடியும் அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னாள். பதில் வராவிட்டால் அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டே இருப்பாள் என்பதால் அவர் எழுந்து, அவளோடு ஜன்னலுக்கு வந்தார்.

எதிர்க் கட்டடத்தின் பால்கனியில் ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்திருந்தான். அவன் தோள்கள் குலுங்கின. தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்த ஒரு நெட்டை, பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல, நின்றது. திரும்பியது. அவசரமில்லாமல் நடந்து வந்து கட்டடத்தின் வாசலுக்குள் குனிந்து நுழைந்தது. அது மாடியேறும் நேரம் முழுக்க அந்த ஆள் அழுதுகொண்டே இருந்தான். பிறகு பால்கனியில், அவனுக்குப் பின்னால், அது நின்றது. ஆறுதல் சொல்ல வந்தவரைப் போல மெல்லக் குனிந்தது. தன் குழியை அவன் முகத்தின்மேல் வைத்தது.

எடுத்தபோது அவன் உட்கார்ந்தபடியே இருந்தான். நிமிர்ந்து. கண் திறந்திருந்தது. மார்பு ஏறி இறங்கியது. முகம் மட்டும் வெயிலில் காய்ந்த காகிதம் போல வறண்டு கிடந்தது.

அப்பாவின் மூச்சு மாறுவதைப் பூனை கேட்டாள். அவர் கன்னம் நனைந்திருந்தது. கீழே தெருவில் இன்னொரு நெட்டை நின்று, அவர்களுடைய ஜன்னலை நோக்கித் தன் குழியைத் தூக்கியது. அப்பா தன் கையைக் கடித்துக்கொண்டார். ரத்தம் வரும்வரை கடித்தார். அழுகை அடங்கியது. நெட்டை அங்கேயே நின்றது, நின்றது, வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கும்வரை நின்றது. பிறகு போனது.

அதற்குமேல் அந்த வீட்டில் இருக்க முடியாது என்று அப்பா முடிவு செய்தார். பூட்டு, தாழ்ப்பாள் எதுவும் நெட்டைகளைத் தடுப்பதில்லை. உள்ளே தாழ் போட்டது போட்டபடி இருக்க, அவை அறைக்குள் நிற்கும். பயம் பூட்டைப் பற்றியதல்ல. அந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மா இருந்தாள். வாசலில் செருப்பு, கண்ணாடியோரத்தில் சீப்பு, சீப்பில் முடி. அவர் அழாமல் நிற்கக்கூடிய ஒரு இடம்கூட அங்கே இல்லை. ஆகவே மொட்டை மாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறைக்குப் போய்விடலாம் என்றார். அங்கே அம்மா ஒருமுறைகூட வந்ததில்லை. கிரீஸ் நாற்றம் அவளுக்கு ஆகாது.

புறப்படும்முன் பூனை அலமாரிக்குள் போய் நின்றாள். குளோரின் வாசனை கிட்டத்தட்ட இல்லை. அப்பா வெளியே காத்திருந்தார், கூப்பிடவில்லை. அவளாக வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

மோட்டார் அறை சின்னது. இரும்புக் கதவு, காற்றுக்கு மரச்சட்டம் போட்ட ஒரு திறப்பு, நடுவில் பச்சை வண்ணம் அடித்த பெரிய மோட்டார், அதன் சக்கரத்தின் மேலேறித் தரையிலுள்ள துளைகள் வழியே இருட்டுக்குள் இறங்கும் இரும்புக் கயிறுகள். எண்ணெய், தூசி, சூடான உலோகம். பூனைக்கு அந்த அறை பிடித்திருந்தது. அங்கே ஒவ்வொரு பொருளும் ஒரே ஒரு வேலையைச் செய்தது. அப்பாவின் முகம் கோணத் தொடங்கும்போதெல்லாம் அவள் ஏதாவது ஒன்றைத் தொட்டு அது எதற்கு என்று கேட்பாள். அவர் சொல்ல ஆரம்பிப்பார். லிஃப்ட் பெட்டி கயிற்றின் ஒரு முனையில், அதைச் சமன்செய்யும் எடை மறுமுனையில், பெட்டி காலியாக இருந்தால் எடைதான் கனம், பிரேக்கை விட்டால் பெட்டி தானாக மேலே ஏறும். சொல்லச் சொல்ல அவர் குரல் சமப்படும். தன் வாழ்க்கையில் ஏற்றமும் இறக்கமும் சரிசமமாக இருந்தது இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் என்று ஒருதடவை சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பூனைக்கு அது வேடிக்கை என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு அவளும் சிரித்தாள். அவருக்கு ஒத்தாசையாக இருப்பது அவளுக்குப் புதிது. இதுவரை எல்லோரும் அவளுக்குத்தான் ஒத்தாசை செய்திருக்கிறார்கள்.

கேட்பதற்குக் கேள்விகள் தீர்ந்தபோது, கேட்டதையே திரும்பக் கேட்டாள். அவர் சொன்னதையே திரும்பச் சொன்னார். வெளியே நகரம் நாளுக்கு நாள் அமைதியாகிக்கொண்டே வந்தது. முதலில் தூரத்து அழுகைகள் இருந்தன, ஒவ்வொன்றும் பாதியில் நின்றது. பிறகு அவையும் இல்லை. மரச்சட்டத்தின் வழியே தெரிந்த ஜன்னல்களிலும் பால்கனிகளிலும் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மழை பெய்தது. யாரும் எழுந்து உள்ளே போகவில்லை.

ஒரு பகலில் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது.

அப்பாவும் மகளும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சக்கரம் சுழன்றது, கயிறுகள் கிசுகிசுத்தன, மோட்டாரின் தாழ்ந்த ரீங்காரம் பூனையின் பற்களுக்குள் இறங்கியது. மின்சாரம் வந்திருக்கிறது, கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. சட்டென்று ரீங்காரம் செத்தது. பிரேக் டக்கென்று விழுந்தது. மின்சாரம் போய்விட்டது.

தரைத் துளையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அத்தான்? மேல இருக்கீங்களா?"

சித்தி. நகரத்தின் மறுகோடியிலிருந்து ஒரு வேனைப் பிடித்து, இவர்களைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள். முழங்கால் வலிக்குப் படியேற முடியாது. விளக்கு எரிவதைப் பார்த்து லிஃப்டில் ஏறிவிட்டாள். அப்பா தரையில் குப்புறப் படுத்து, துளையில் வாயை வைத்து, பயப்படவேண்டாம், கையாலேயே சுற்றி மேலே கொண்டுவந்துவிடலாம், கொஞ்ச நேரம்தான் என்றார். அவள் சரி என்றாள். அக்கா மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். சாப்பிட்டாளா என்று கேட்டாள். அவளுடைய சென்ட் வாசனை துளை வழியாக மேலே ஏறி வந்தது.

"சின்னவளே, நான் சொல்றதக் கேளு," என்றார் அப்பா சித்தியிடம். "என்ன ஆனாலும் அழாத."

சொல்லியிருக்கக் கூடாது. சித்தி, நான் ஏன் அழப்போகிறேன், அழுது முடித்தாயிற்று என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

மோட்டாரின் மறுமுனையில் கையால் சுற்றுவதற்கு ஒரு இரும்புச் சக்கரம் உண்டு. ஒருவர் பிரேக்கின் நெம்புகோலைத் தூக்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் சுற்ற முடியும்; நெம்புகோலை விட்டால் அந்த நொடியே பெட்டி நின்றுவிடும். அப்பா நெம்புகோலைப் பூனையின் கையில் கொடுத்தார். குளிர்ந்த இரும்பு. அவர் சக்கரத்தைப் பிடித்தார். பெட்டி லேசுதான், ஒரு ஆளின் கனம். எடை அதை மேலே இழுத்தது, அவர் அளவாக விட்டுக்கொண்டிருந்தார். கயிறு விரல் விரலாக நகர்ந்தது. சித்தி பேசிக்கொண்டே வந்தாள். பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவோமோ என்று பயந்து பேசினாள். வழியில் பார்த்த தெருக்கள், பேருந்து நிறுத்தத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள், தன் பியூட்டி பார்லரில் தலைக்குச் சாயம் போட்டபடியே காய்ந்துபோன ஒரு பெண். பிறகு அக்காவைப் பற்றி. சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் படுத்தது. அக்கா இருந்திருந்தால் இதற்கெல்லாம் என்ன சொல்லியிருப்பாள் என்பது. சொல் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஈரமான ஒரு மூச்சு வரத் தொடங்கியது.

பூனைக்குக் காது அடைத்தது.

துளையைப் பார்த்தாள். கீழே வெகுதூரத்தில் சித்தியின் கைபேசி வெளிச்சம், பெட்டிக் கூரையின் காற்றுத் துளைகள் வழியாகக் கீற்றுக் கீற்றாக மேலே அடித்தது. அந்தக் கீற்றுகள் கயிறுகளில் பட்டன. சுவரில் பட்டன. கூரைமேல் எதிலோ பட்டன.

ஈர சிமென்ட் நிறம்.

பெட்டியின் கூரைமேல் அது நின்றுகொண்டிருந்தது. பெட்டியோடு சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. அப்பா சுற்றச் சுற்ற அதன் குழி துளையை நோக்கிப் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"அப்பா. மேல நிக்குது. பெட்டி மேல."

அவர் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் கை நிற்கவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவள் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னாள். கீழே சித்தி இப்போது பேசவில்லை. அழுதுகொண்டிருந்தாள். முழுதாக, குழந்தையைப் போல, அக்கா அக்கா என்று.

பூனை நெம்புகோலை விட்டாள்.

டக். பெட்டி நின்றது. சக்கரம் அப்பாவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நின்றது. துளைக்குள், மேலே பார்த்திருந்த குழி மெல்லக் கீழே திரும்பியது. அது குனிந்தது. கூரை அங்கே இல்லாதது போல அதற்குள் குனிந்தது.

அழுகை பாதியில் நின்றது.

கைபேசி வெளிச்சம் மட்டும் கொஞ்சநேரம் எரிந்துகொண்டிருந்தது.

அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது. நீதான் விட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவர் தலையாட்டினார். நல்லதுதான் செய்தாய் என்றார், கோபமே இல்லாமல். பிறகு அவர் முகம் கோணத் தொடங்கியது.

அவள் சக்கரத்தைத் தொட்டாள். "இது எதுக்கு அப்பா?"

"அது... கயிறு..."

"கயிறு எப்படி ஓடும்? சொல்லுங்க. இது எதுக்கு?"

பூனை மோட்டாரைத் தொட்டாள், பிரேக்கைத் தொட்டாள், கயிற்றைத் தொட்டாள், இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்டாள். அவர் கையை வாயில் வைத்துக் கடித்தார். பழைய காயத்திலேயே கடித்தார். இந்தமுறை அடங்கவில்லை. காது அடைப்பு மறுபடியும் ஏறியது, கீழே இருந்து, படிக்கட்டுப் பக்கமிருந்து, எல்லாப் பக்கமும் இருந்து.

அப்பா எழுந்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கடைக்குப் போகிறவர் வீட்டில் சொல்லிவிட்டுப் போவது போல, இரும்புக் கதவருகில் நின்று சொன்னார்.

"கதவைச் சாத்திக்கோ பூனை. நான் கொஞ்சம் அழுதுட்டு வந்துடறேன்."

அவர் காலடிகள் மொட்டை மாடியின் மறுகோடிக்குப் போயின. எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம். பிறகு, இத்தனை காலம் குழாயைத் திறந்துவிட்டு மறைத்து அழுத மனிதர், வாய்விட்டு அழுதார். அம்மாவின் பெயரைச் சொல்லி அழுதார். தண்ணீர்த் தொட்டிகளிலும் கைப்பிடிச் சுவர்களிலும் அந்தச் சத்தம் மோதித் திரும்பியது. பூனை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். மோட்டாரின் ரீங்காரத்தைத் தன் தொண்டையிலேயே எழுப்பினாள். பொத்திய கைகளுக்குள்ளும் கேட்டது.

பிறகு கேட்கவில்லை.

அவள் கதவைச் சாத்தியிருந்தாள். கதவு ஒரு பொருட்டல்ல என்றும் தெரியும். ஒன்று உள்ளே வந்தது. கூரைக்கு உயரம் பற்றாமல் வளைந்து நின்றது. தீக்குச்சி வாசனை. அது குனிந்து தன் குழியை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தது. அந்த வழவழப்பில் அவளுடைய பிம்பம் தலைகீழாகத் தெரிந்தது. குளிர் கண்ணிமைகளைத் தொட்டது. அவள் உடம்புக்குள் ஒரு கட்டடமே இடிந்து விழுந்துகொண்டிருந்தது. தோல் எரிந்தது, அப்பா என்ற ஒரே சொல் மண்டைக்குள் முட்டிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் வறண்டிருந்தது. எப்போதும் போல. அது வெகுநேரம் தேடியது. கிடைக்கவில்லை. பின்வாங்கியது.

இன்னொன்று வந்தது. அதன்பின் இன்னொன்று.

மரச்சட்டத்தில் வெளிச்சம் மங்கி, மறுபடி வெளுத்தபோது அவள் வெளியே போனாள். அப்பா தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து அவர் உதட்டில் ஊற்றினாள். அது உள்ளே போகாமல் தாடையில் வழிந்தது, தோல் அதை உறிஞ்சிக்கொண்டு மறுகணமே காய்ந்தது. அவள் அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். சிமென்ட் நிற உருவங்கள் மாடி முழுக்க நின்றன. மாற்றி மாற்றிக் குனிந்தன. அவள் எதுவும் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பது என்றும் தெரியவில்லை.

வெயில் ஏறியபோது அவை எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. யாரோ சொன்னதைக் கேட்பது போலக் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, வரிசையாகப் படியிறங்கிப் போயின. மாடி காலியானது. காது திறந்தது. எங்கோ ஒரு பறவை கத்தியது. அவளை விட்டுவிட்டன என்று பூனை நினைத்தாள். அப்பாவை வெயில் படாத இடத்துக்கு மெல்ல நகர்த்தினாள். அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்ததைச் சரிசெய்தாள். கீழே போய் சித்தியை எப்படி வெளியே எடுப்பது என்று யோசிக்கத் தொடங்கினாள்.

காது மறுபடியும் அடைத்தது.

கைப்பிடிச் சுவரிலிருந்து பார்த்தாள். சாலை நெடுக வந்துகொண்டிருந்தன. போனவற்றைவிடப் பல மடங்கு. எல்லாத் தெருக்களிலிருந்தும் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. முன்னால் வந்தவற்றுக்கு இப்போது கைகள் இருந்தன. நீளமான, மூட்டில்லாத கைகள். அந்தக் கைகளின்மேல் எதையோ ஏந்தி வந்தன. கைக்குழந்தையை ஏந்துவது போல. தலை தொங்கிவிடாமல் தாங்கி.

அவை வந்த வழியெல்லாம் ஈர மண் சிந்தியிருந்தது.

படிக்கட்டில் காலடி ஓசை இல்லை. மண் உதிரும் ஓசை மட்டும். ஒவ்வொரு மாடியாக. அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை எடையே இல்லாமல் இருந்தது.

கொண்டுவந்ததை அவளுக்கு முன்னால், தரையில், மிகுந்த மரியாதையோடு கிடத்தின. பின்வாங்கி வட்டமாக நின்றன.

பூனை முகத்தைப் பார்க்கவில்லை. முகங்களை அவள் பார்ப்பதில்லை. பாதங்களைப் பார்த்தாள். தண்ணீருக்கு அடியில் அவளுக்கு முன்னால் உதைத்துக்கொண்டு போகும் அந்தப் பாதங்களை ஆயிரம் பாதங்களுக்கு நடுவில் வைத்தாலும் அவளுக்குத் தெரியும். நிறம் மாறியிருந்தது. விரல்களுக்கு இடையில் மண் அப்பியிருந்தது. அம்மாவுக்குக் காலில் மண் ஒட்டினால் பிடிக்காது.

அவள் மண்டியிட்டாள். ஒரு விரலை விலக்கி, அதற்கடியில் இருந்த மண்ணைத் தன் சட்டை நுனியால் துடைத்தாள். அடுத்த விரல். அடுத்தது. வட்டம் நெருங்கியது. வெயில் மறைந்தது. அவள் நிமிரவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தாள். பாதி துடைத்திருந்தபோது, என்னவென்றே புரியாமல், அவள் கண்ணுக்குள் விரல்களெல்லாம் கலங்கி ஒன்றோடொன்று கரைந்தன.

மேலே, ஒரே நேரத்தில், எல்லாம் குனிந்தன.